ஓடாத படமும் பூட்டிய எழுத்தும்

கண்டி மாநகருக்குத் தென்மேற்கே, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பின்னணியாக எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரை அறியாத மாணாக்கர் இந்நாட்டில் அரியர். பல்கலைக்கழக வாழ்வைப் பற்றிய பாட்டிலும் கதையிலும் அம்மலை எப்படியோ வந்து புகுந்துவிடும். ஆயின் அதே பெயரைத் தாங்கிய கணினி இயங்குதளம் ஒன்றும் இருந்தது என்பதை நம் இலக்கிய அன்பர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 'ஹந்தான லினக்ஸ்' என்பது அதன் பெயர். 2010ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் இலங்கையரால் தொகுக்கப்பெற்று, யாவர்க்கும் இலவசமாக வழங்கப்பட்டது. ஃபெடோரா என்னும் அமெரிக்கச் சார்புடைய லினக்ஸ் பதிப்பே அதற்கு அடிப்படை. மூலப் பதிப்பில் விடுபட்டிருந்த ஒன்றை, அதாவது பாட்டையும் படத்தையும் ஓடச் செய்யும் சிறு நிரல்களை, இவர்கள் தட்டிலேயே சேர்த்துக் கொடுத்தனர். அதுவே அப்பதிப்பின் சிறப்பு.

அமெரிக்காவிலே பேரறிஞர் பலர் கூடி ஆக்கிய இயங்குதளத்திலே ஒரு சாதாரணத் திரைப்படப் பாட்டு ஓடாமல் இருந்தது ஏன்? அதை ஓட்டுவதற்கு ஹந்தானையின் பெயரால் ஒரு தட்டு எழவேண்டி வந்தது ஏன்? இவ்வினாக்களைக் கணினி நிபுணரின் கவலை என்று ஒதுக்கிவிட்டு நாம் பாரதியையும் புதுமைப்பித்தனையும் பேசிக்கொண்டிருக்கலாம். ஆயின், நம் கலைகளும் நம் வகுப்பறைகளும் காணொளிக்குள் குடியேறிவிட்ட இக்காலத்தில் அவ்வாறு ஒதுக்குதல் தகாது என்பது என் கருத்து.

சுவடியும் எழுத்தும்

முதலில் பொருளை விளக்கிக்கொள்வோம். திரையில் தோன்றும் தெளிவான ஒரு படச்சட்டம், அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்டது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். வினாடிக்கு 25 படச்சட்டங்கள் எனக் கொண்டால், ஒரு வினாடிப் படத்துக்கு ஏறத்தாழ 155 மெகாபைட் இடம் தேவை. 4.7 கிகாபைட் கொள்ளும் ஒரு டீவீடீ தட்டு அரை நிமிடத்தில் நிரம்பிவிடும். அப்படியாயின் மூன்று மணி நேரக் கூத்தைக் கைத்தொலைபேசிக்குள் அடக்குவது எவ்வாறு? ஒரு படச்சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாறியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, மாறாதவற்றை விட்டுவிடுவது ஒரு வழி. கண்ணுக்குப் புலப்படாத நுண் வேறுபாடுகளைக் கழித்துவிடுவது மற்றொரு வழி. இவ்வாறு சுருக்கி எழுதுவதற்கும், எழுதியதை மீள விரித்துக் காட்டுவதற்கும் உரிய இலக்கணத்தையே 'கோடெக்' என்கிறார்கள். குறியாக்குதல், குறிநீக்குதல் என்னும் இரு வினைகளின் ஆங்கிலப் பெயர்களைக் கத்தரித்து ஒட்டிய சொல் அது.

ஏட்டுச் சுவடியை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் எளிதாக விளங்கும். சுவடிக்கு மேலும் கீழும் சட்டமும், ஏடுகளைக் கோக்கும் கயிறும் உண்டு. அவை சுவடியைக் கட்டிக் காப்பனவேயன்றி எழுத்தாகா. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்.பி.4, எம்.கே.வி. என்பன அச்சட்டத்தையும் கயிற்றையும் போன்றவை. உள்ளே எழுதப்பட்டிருப்பது வட்டெழுத்தா, கிரந்தமா, தமிழா என்பது கட்டைப் பார்த்துத் தெரிவதில்லை. ஒரே எம்.பி.4 கட்டுக்குள் எச்.264 என்னும் எழுத்தும் இருக்கலாம், எச்.265 என்னும் எழுத்தும் இருக்கலாம். ஏவி1 என்னும் புதிய எழுத்தும் இருக்கலாம். 'நேற்று ஒரு எம்.பி.4 ஓடியது, இன்று ஒரு எம்.பி.4 ஓடவில்லை, ஆகவே கணினி பழுது' என்று முடிவுகட்டுவோர், நேற்றுத் தமிழ்ச் சுவடி வாசித்த ஒருவர் இன்று கிரந்தச் சுவடியை வாசிக்க இயலாதிருப்பதைக் கண்டு அவருக்குக் கண் கெட்டுவிட்டது என்று கூறுவோரை ஒப்பர்.

எழுத்துக்கு வரி

நிற்க. எழுத்தை அறியாமை ஒன்று. எழுத்தை வாசிக்க வரி செலுத்த வேண்டியிருத்தல் வேறொன்று. லினக்ஸ் கணினியில் படம் ஓடாமைக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டாவதே. எம்.பி.3, எச்.264, எச்.265 முதலியவை பல நிறுவனங்களின் 'பேட்டன்ற்' எனப்படும் ஆக்கவுரிமைகளால் வேலியிடப்பட்டவை. அம்முறைகளைக் கையாளும் நிரலையோ கருவியையோ வழங்குவோர் உரிமைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது உரிமையாளரின் கோரிக்கை. விற்கப்படும் பொருளாயின் கட்டணத்தை விலையோடு சேர்த்துவிடலாம். எவரும் இலவசமாகப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம் என்று விடப்பட்ட லினக்ஸில், எத்தனை படிக்கு யார் கட்டணம் செலுத்துவது? இச்சிக்கலுக்கு அஞ்சியே 2002ஆம் ஆண்டில் ரெட் ஹாட் நிறுவனம் தன் எட்டாம் பதிப்பிலிருந்து எம்.பி.3 வாசிக்கும் வசதியையே நீக்கிவிட்டது. எம்.பி.3 உரிமைகள் காலாவதியாகி, 2017ஆம் ஆண்டில் அதன் உரிம வழங்கல் முடிவுற்ற பின்னரே அவ்வொலிமுறை எங்கும் தடையின்றிப் புழங்கலாயிற்று. ஆயினும் கதை அத்தோடு முடியவில்லை. 2022ஆம் ஆண்டில் ஃபெடோரா, எச்.264, எச்.265 ஆகியவற்றை வரைவியல் அட்டையின் துணைகொண்டு விரிக்கும் வசதியைச் சட்டக் காரணம் காட்டி மூடிவிட்டது. முன்னாளில் இலகுவாக ஓடிய படம், புதுப்பித்தபின் தடுமாறியதைக் கண்டு வியந்தவர் பலர்.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைப் பதிப்புரிமையால் காக்கிறது. கணித முறைகளை ஆக்கவுரிமைக்கு உரியனவாகக் கொள்வதில்லை. இந்தியச் சட்டமும் கணினி நிரலை அதனளவில் ஒரு புத்தாக்கமாக ஏற்பதில்லை. அங்ஙனமிருந்தும், கம்பளையிலோ தெல்தோட்டையிலோ ஒரு பிள்ளை தன் பாடத்தைக் காண முடியாது போவதற்கு, கடல் கடந்த ஒரு நாட்டின் சட்டம் காரணமாகிவிடுகிறது. ஹந்தான லினக்ஸைத் தொகுத்தோர் இதை உணர்ந்திருந்தனர் என்றே நான் கொள்கிறேன். இணைய வசதி இல்லாத வீட்டில், விடுபட்ட நிரலைத் தேடிப் பதிவிறக்குமாறு கூறுவது, கிணறு இல்லாத ஊரில் கயிற்றை நீட்டுவது போன்றது. ஆகவேதான் அவர்கள் தண்ணீரையே குடத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன் புதிய பதிப்புகள் வெளிவருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அது எழுப்பிய வினாவோ இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஒரு காமன் கூத்து

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்து நிகழ்வதை யாவரும் அறிவர். கம்பளைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் நிகழ்ந்த கூத்தை, உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் புதிய கைத்தொலைபேசியில் இரவிரவாகப் பதிவு செய்தார். அதைப் பாடசாலையில் தமிழ் பாடவேளையில் காட்ட ஆசிரியை ஒருவர் விரும்பினார். அங்கிருந்ததோ லினக்ஸ் நிறுவப்பெற்ற பழைய மேசைக் கணினி. தப்போசை கணீரென்று கேட்டது. ரதியின் ஒப்பாரியும் கேட்டது. திரை மட்டும் கறுத்துக் கிடந்தது. கண்டி நகரிலுள்ள ஒரு திருத்தும் கடைக்குக் கணினி கொண்டுசெல்லப்பட்டது. "இது ஒண்டும் சரிவராது மிஸ், விண்டோஸ் அடிச்சுத் தாறன்" என்பதே அங்கே கிடைத்த மருந்து.

என்னிடம் அக்கோப்பு வந்தபோது நான் செய்தது மிகச் சிறிய வேலை. கட்டுக்குள் இருந்தது எச்.265. அதை வாசிக்கும் நிரலைச் சேர்த்ததும் படம் தோன்றியது. ஆயின் மன்மதன் ஓர் அடி வைப்பதற்குள் பாட்டு இரண்டு அடி முன்னே சென்றுவிட்டது. பழைய செயலிக்கு அச்சுருக்கத்தை விரிக்கும் வலிமை போதவில்லை. வேறொரு கணினியில் அதனை எச்.264 முறைக்கு, 720 வரிகள் கொண்ட சிறிய படமாக மாற்றிக் கொடுத்தேன். மறுவாரம் வகுப்பில் கூத்து நிகழ்ந்தது. கணினியும் பழுதாகவில்லை, கோப்பும் பழுதாகவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளன் இல்லாமலிருந்தான், அவ்வளவே.

நோயறியும் முறை

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, ஓடாத படத்துக்கும் நாடி உண்டு. ஒலி கேட்டுப் படம் தோன்றாவிடின், படத்துக்குரிய கோடெக் இல்லை என்று கொள்க. படம் தோன்றி ஒலி கேளாவிடின், ஒலிக்குரிய கோடெக் இல்லாமலிருக்கலாம். அன்றேல் ஒலி, பேச்சுப்பெட்டிக்குச் செல்லாமல் திரைக்குச் செல்லும் கம்பிவழியே திருப்பிவிடப்பட்டிருக்கலாம். முன்னதை ஐயுறுமுன் பின்னதைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். படமும் ஒலியும் இருந்தும் தடங்கித் தடங்கி ஓடி, விசிறி இரைந்தால், விரிக்கும் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுந்துள்ளது. வரைவியல் அட்டை சும்மா இருக்கிறது. எச்.265ஐ வன்பொருளில் முழுமையாக விரிக்கும் திறன் இன்டெல் செயலிகளுக்கு 2015ஆம் ஆண்டளவிலேயே வந்தது. அதற்கு முந்திய கணினிகளே நம் பாடசாலைகள் பலவற்றில் உள்ளன. கீழே ஓடும் தமிழ் வசனவரிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், அவை பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டப்பட்டவை. ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நாடி பார்த்தபின் சுவடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வி.எல்.சி. என்னும் இயக்கியில் 'கோடெக் விவரம்' என்றொரு பகுதி உண்டு. மீடியா இன்ஃபோ என்னும் சிறு நிரலும் இதே தொண்டைச் செய்யும். கட்டுக்குள் என்ன எழுத்து உள்ளது என்பதை அவை சொல்லிவிடும். பெயர் தெரிந்தபின் மருந்து தேடுவது எளிது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் வி.எல்.சி.யை நிறுவினாலே பெரும்பாலான கோப்புகள் திறந்துகொள்ளும். உபுண்டுவில் 'ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்னும் தொகுதியும் உண்டு. ஃபெடோராவில், ஆர்.பி.எம். ஃபியூஷன் என்னும் தன்னார்வலர் களஞ்சியத்திலிருந்து எஃப்.எஃப்.எம்பெக் என்பதன் முழுமையான பதிப்பைப் பெறவேண்டும். 2000ஆம் ஆண்டில் ஃபப்ரிஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சு நாட்டவர் தொடங்கிய இந்த எஃப்.எஃப்.எம்பெக்கே இன்று உலகின் எண்ணிறந்த இயக்கிகளுக்கு உயிர்நாடியாக உள்ளது. வி.எல்.சி.யோ, 1996ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரி மாணவரால் தொடங்கப்பெற்றது. மாணாக்கரின் முயற்சி உலகத்துக்கு எவ்வளவு பயன்படக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இலக்கிய அன்பர் சுவைக்கத்தக்க செய்தி ஒன்று. ஜீ-ஸ்ட்ரீமர் என்னும் கட்டமைப்பின் துணைநிரல்கள், 1966ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஒரு மேற்கத்தியத் திரைப்படத்தின் பெயரையொட்டி, 'நல்லவை', 'கெட்டவை', 'அவலட்சணமானவை' என மூன்றாக வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் அவலட்சணமானவை தரத்தில் குறைந்தவை அல்ல. நன்கு வேலை செய்வனவேயாயினும் உரிமைச் சிக்கல் இருக்கக்கூடும் என்பதற்காக அவ்விதம் பெயர் பெற்றவை. சட்டம் முகத்தில் பூசிய கரியை அழகின் குறையாகக் கொண்டு நகைத்த அந்தப் பெயர்சூட்டலில் கசப்பும் நகைச்சுவையும் கலந்திருக்கின்றன.

விண்டோஸ் போட்டால் தீராதோ?

'இத்தனை தொல்லை எதற்கு? விண்டோஸ் போட்டுவிட்டால் தீர்ந்தது' என்பர் சிலர். தீர்வதில்லை. விண்டோஸிலும் எச்.265க்குரிய நீட்சியை அந்நிறுவனம் தன் கடையில் சிறு விலைக்குத் தனியே விற்கிறது. 2012ஆம் ஆண்டில் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து டீவீடீ இயக்கும் வசதியும் அடிப்படைப் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே வரி அங்கேயும் உண்டு. விலைச்சீட்டுக்குள் மறைந்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் 'அடித்துத் தரும்' விண்டோஸோ பெரும்பாலும் உரிமம் இல்லாதது. களவாடிய திறவுகோலால் வகுப்பறையைத் திறந்து, உள்ளே ஒழுக்கம் போதிப்பதில் பொருத்தம் உண்டா? மேலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிவுற்றது. பதினோராம் பதிப்பை ஏற்கும் தகுதி பழைய கணினிகளுக்கு இல்லை. 2022ஆம் ஆண்டில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைக் கண்ட நாம், நல்ல நிலையிலுள்ள கணினிகளைக் குப்பையில் இட்டுவிட்டுப் புதியன வாங்கும் செல்வச் செருக்கில் இல்லை.

ஆக்கியோர்க்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்போர்க்கும் விடை உண்டு. வேண்டும். பல்லாண்டு உழைத்துச் சுருக்கக் கலையை வளர்த்த பொறியியலாளரின் உழைப்பை நான் இகழேன். ஆயின், ஒரு கருவிக்கு விலை கொடுப்பது வேறு; நம் குரலையும் நம் ஆட்டத்தையும் நாமே திரும்பக் காண்பதற்கு அயலார் அனுமதி வேண்டி நிற்பது வேறு. இரண்டாவதை ஒரு மொழிச் சமூகம் தன் விதியாக ஏற்கலாகாது.

நாளைக்கு எது எஞ்சும்?

பேராதனையிலே 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். 1962ஆம் ஆண்டில் 'கர்ணன் போர்', 1964ஆம் ஆண்டில் 'இராவணேசன்' ஆகியவை மேடையேறின. அந்நாளில் பார்வையாளர் ஒவ்வொருவர் கையிலும் படப்பிடிப்புக் கருவி இருக்கவில்லை. ஆடியவரின் நினைவும் கண்டவரின் எழுத்துமே பெருந்துணை. மலையக மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை செவியால் கேட்டுக் கையால் எழுதித் தொகுத்தார். இன்று நிலை வேறு. கலஹாவிலும் புசல்லாவையிலும் நிகழும் கூத்தை நூறு பேர் நூறு தொலைபேசியில் பிடிக்கிறார்கள். கருவியின் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் பிடித்ததை முப்பது ஆண்டுக்குப் பின் எவர் திறப்பார்? 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ரியல் ஓடியோ முறையை, அக்காலத்தில் இணையத்தை ஆண்ட அரசன் என்றே சொல்லலாம். அதன் பெயரே இன்றைய மாணாக்கர்க்குத் தெரியாது. அதில் அடைத்த பழைய ஒலிப்பதிவுகளை இன்றும் கேட்க முடிகிறதென்றால், பூட்டிய அவ்வெழுத்தைத் தம் முயற்சியால் படித்தறிந்து எஃப்.எஃப்.எம்பெக்கில் சேர்த்த தன்னார்வலர்க்கே நன்றி கூறவேண்டும்.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏடு செல்லரித்திருந்தாலும் எழுத்து எவர்க்கும் உரிமைப்பட்டதாக இருக்கவில்லை. தமிழ் எழுத்தை வாசிக்க ஒருவர்க்கும் அவர் கட்டணம் செலுத்தவில்லை. அந்த வாய்ப்பை வருங்காலத்துப் பதிப்பாசிரியர்க்கு நாமும் விட்டுச்செல்ல வேண்டும். அதற்குரிய முறைகள் இன்று இல்லாமல் இல்லை. சிறிதும் இழப்பின்றிப் படத்தைச் சேமிக்கும் எஃப்.எஃப்.வி.1 முறையும், ஒலியைச் சேமிக்கும் ஃபிளாக் முறையும், அவற்றைக் கட்டிவைக்கும் மட்ரோஸ்கா என்னும் கட்டும் இணையப் பொறியியற் குழுவால் முறையே 2021, 2024, 2024ஆம் ஆண்டுகளில் பகிரங்க இலக்கணமாக வெளியிடப்பட்டுள்ளன. எவரும் படிக்கலாம், எவரும் அதைக் கொண்டு நிரல் எழுதலாம். அன்றாடப் பார்வைக்கு ஏவி1 முறை உண்டு. உரிமைக் கட்டணமின்றிப் பயன்படுத்தவென்று 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பழைய கணினிகளுக்கு அது பாரமாதலால், இப்போதைக்கு எச்.264 படி ஒன்றையும் உடன்வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

ஆகவே நான் வேண்டுவன சில. ஆசிரியப் பயிற்சியிலே, ஒரு காணொளியின் கட்டையும் எழுத்தையும் பிரித்தறியும் பாடத்துக்கு அரை நாள் ஒதுக்கப்படுக. பாடக் காணொளிகளை வெளியிடுவோர், பழைய கணினியிலும் ஓடும் சிறிய படி ஒன்றைச் சேர்த்தே வெளியிடுக. கூத்தையும் ஒப்பாரியையும் முதியோர் வாய்மொழியையும் பதிவு செய்யும் மாணாக்கர், தொலைபேசி தந்த மூலக்கோப்பை அழியாது வைத்து, திறந்த முறையில் ஒரு படியும் எடுத்து, இடம், நாள், ஆடியோர் விவரங்களை ஒருங்குறித் தமிழில் எழுதி இணைத்து வைக்க. கம்பளைக்கு அருகில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் உண்டு. எண்ணிமத் தமிழ் ஏடுகளைக் காக்கும் நூலகம் நிறுவனம் உண்டு. பேராதனையில் பல்கலைக்கழகம் உண்டு. ஓர் இடத்தில் வைத்த படி அழிந்தாலும் மற்றோர் இடத்தில் எஞ்சும்.

திரை கறுத்து நிற்கும்போது 'பழுது' என்று சொல்லிக் கணினியை மூடிவிடாமல், 'உள்ளே என்ன எழுத்து?' என்று கேட்கும் வழக்கம் நம் வகுப்பறைகளில் வரவேண்டும். கண்டி மலைச்சாரலில் அவ்வாறு கேட்கும் ஒரு தலைமுறை உருவாகுமாயின், காமன் கூத்தின் தப்போசை மட்டுமன்றி ஆட்டமும் அடுத்த நூற்றாண்டுக்குச் சென்று சேரும்.